மூன்றும் பங்காளி: காய்க்க மறுத்த தாட்பூட் கொடி

2023 புரட்டாசியில் ஒரு மதியம் பந்தலுக்கு அடியில் நின்று எண்ணினேன். 43 பூ. மறுநாள் காலையில் 43ம் சுருங்கி, நனைந்த காகிதம்போல் தொங்கின. நாலைந்து நாளில் எல்லாம் கீழே. அம்மா விளக்குமாற்றால் கூட்டி முறத்தில் அள்ளிக்கொண்டே, "பூவுக்கா இம்மாம் பெரிய பந்தல் போட்ட?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

எனக்கு மோட்டார் ரீவைண்டிங் வேலை, அதாவது எரிந்த மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றுவது. கிருஷ்ணகிரியில் சின்னதாக ஒரு கடை, ஊருக்கு வெளியே வீடு. வீட்டின் மேற்குச் சுவர் பகல் முழுக்க வெயில் குடித்துவிட்டு இரவெல்லாம் அதைத் திருப்பிக் கொடுக்கும். அந்தப் பக்கம் நிழலுக்கு ஒரு கொடிப்பந்தல் போடலாம் என்று ஆரம்பித்தது. அம்மாவுக்குத் திராட்சை வேண்டும். திராட்சையை நாள் பார்த்து வெட்டி, விடாமல் மருந்தடித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். கடையையும் பார்த்துக்கொண்டு அது என்னால் முடியாது. கோவைக்காய் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. கடைசியில் தாட்பூட் என்று முடிவானது. பேஷன் ஃபுரூட் என்றால்தான் இப்போது கடையில் தெரிகிறது. அதில் மஞ்சள் பழ வகைதான் சமவெளிச் சூட்டைத் தாங்கும். ஊதாப் பழ வகை ஏற்காடு, கொடைக்கானல் மாதிரிக் குளிர்ந்த இடத்துக்கு உரியது.

நெடுஞ்சாலையோரம் ஒரு நர்சரியில் மூன்று பை வாங்கினேன். மூன்றும் ஒரே உயரம், ஒரே இலை, பார்க்கவே அழகு. அந்த அழகுதான் பின்னால் வினையானது.

பந்தலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் தப்பு அங்கேதான். எங்கள் ஊரில் பந்தலுக்கு இரும்புக் குழாய் தேட வேண்டியதில்லை, கல்லுக்கால்தான். எட்டடி நீளம், ஐந்து அங்குலத்துக்கு ஐந்து அங்குலம், ஒன்று நூறு கிலோவுக்குக் குறையாது. துரு கிடையாது, கரையான் கிடையாது. 12 அடிக்கு 10 அடி அளவில் நான்கு மூலைக்கு நான்கு கால் நட்டேன். இரண்டடி மண்ணுக்குள், ஆறடி மேலே. கிருஷ்ணகிரியில் எங்கே கடப்பாரை போட்டாலும் ஒன்றரை அடியில் 'டங்' என்று ஒரு சத்தம் கேட்கும். வடமேற்கு மூலையில் அந்தச் சத்தம் கேட்டதும் குழியை ஒரு முழம் தள்ளித் தோண்டினேன். அதனால் பந்தல் இன்றைக்கும் சரியான செவ்வகம் இல்லை. சுற்றிலும் 8 கேஜ் ஜி.ஐ. கம்பி, குறுக்கும் நெடுக்குமாக ஒன்றரை அடிக்கு ஒன்றாக 12 கேஜ்.

கம்பியை நன்றாக முறுக்கேற்றி இழுத்துக் கட்டினேன். கல் அசையாது என்று நம்பிவிட்டேன். கல் அசையாதுதான், மண் அசையும். ஒரு வருடம் கழித்துக் கொடி முழுக்கப் படர்ந்து, ஐப்பசி மழையில் ஈரமும் சேர்ந்தபோது இரண்டு கால்கள் உள்பக்கம் சாய்ந்தன. நடுவில் பந்தல் தொட்டில்போல் தொங்கியது. அப்போதுதான் மின்கம்பத்துக்கு ஏன் ஸ்டே கம்பி கட்டுகிறார்கள் என்பது என் மண்டையில் உறைத்தது. தினம் கம்பியோடு புழங்குகிறவன் நான், வெட்கம்தான். ஒவ்வொரு காலுக்கும் வெளிப்பக்கம் மூன்றடி தள்ளிக் குழி தோண்டி, பெரிய கல் ஒன்றைக் கம்பி சுற்றிப் புதைத்து, காலின் தலையிலிருந்து அதற்கு ஸ்டே இழுத்து, நடுவில் டர்ன்பக்கிள் (கம்பியை இறுக்கும் திருகு) போட்டேன். இப்போது வருடத்துக்கு ஒரு முறை இரண்டு சுற்று முறுக்கினால் போதும். புதிதாகப் போடுகிறவர்கள் முதல் நாளே ஸ்டே கட்டிவிடுங்கள். கொடி ஏறிய பிறகு பந்தலுக்கு அடியில் குனிந்து வேலை செய்வது முதுகுக்கு ஆகாது.

செடி வைத்தது 2022 ஆடியில். இரண்டடிக் குழி, தோண்டிய செம்மண்ணில் பாதி, மட்கிய எரு பாதி, இரண்டு கை வேப்பம்புண்ணாக்கு. நட்ட இடத்தைச் சுற்றிலும் அரையடி மேடாக்கினேன். இந்தக் கொடிக்கு வேர் மேலாக ஓடும், தண்ணீர் தேங்கினால் தண்டின் அடி அழுகிவிடும். ஆளுக்கு ஒரே தண்டு. பந்தல் உயரம் வரும் வரை பக்கக் கிளையை எல்லாம் கிள்ளிவிட்டேன். மேலே போனதும் நுனியைக் கிள்ளினால் நாலா பக்கமும் கிளை பிரியும்.

இரண்டாம் மாதமே இலை ஓரங்கள் கருகின. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன், இன்னும் கருகியது. காரணம் சமையலறையில் இருந்தது. எங்கள் பக்கம் போர் தண்ணீரில் உப்பும் ஃபுளோரைடும் அதிகம், அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. வீட்டில் ஆர்.ஓ. மெஷின் வைத்திருக்கிறோம். அதிலிருந்து கழியும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று அம்மா குழாயைக் கொடியின் பாத்திக்கே திருப்பிவிட்டிருந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் மெஷின் குடிதண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தக் கழிவுத் தண்ணீரில்தானே இருக்கும்? போர் தண்ணீரைவிட அது கரிப்பு. தாட்பூட்டுக்கு உப்பு ஆகவே ஆகாது. குழாயை வாசல் கழுவும் தொட்டிக்கு மாற்றினேன். பாத்தியில் நல்ல தண்ணீரை இரண்டு நாள் நிறைய விட்டு உப்பைக் கீழே இறக்கினேன். அப்புறம் குழாய்த் தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர், மழை. மேலே காய்ந்த மாவிலையும் தேங்காய் மட்டையும் மூடாக்கு. புதிதாக வந்த இலைகள் சுத்தமாக இருந்தன.

தை மாதம் கொடி பந்தலில் ஏறியது. வைகாசியில் முதல் பூ. வெயிலில் உதிர்ந்தது என்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆவணி, புரட்டாசியில் பூத்துக் கொட்டியபோதும் ஒரு பிஞ்சு இல்லை. சாம்பல் போட்டேன், மோர் கரைத்து ஊற்றினேன். பக்கத்து வீட்டு அக்கா, "கண்ணு பட்டிருக்கும்" என்று சொல்லி ஒரு பழைய செருப்பைக் கட்டிவிட்டுப் போனார். அதையும் அவிழ்க்கவில்லை.

ராயக்கோட்டைப் பக்கம் ஒரு பெரியவருக்கு எரிந்துபோன ஐந்து குதிரைசக்தி மோட்டாரைக் கட்டிக் கொடுத்து, மாட்டிவிட நானே போனேன். அவருடைய மோட்டார் கொட்டகைமேல் தாட்பூட் படர்ந்து, மஞ்சள் மஞ்சளாகப் பழம் தொங்குகிறது. உரம் இல்லை, பாத்தி இல்லை, கிணற்றுக் கசிவுதான் தண்ணீர்.

"என்னாங்கய்யா போட்டீங்க இதுக்கு?"

"நான் என்னாத்த போட்டேன் தம்பி. எவனோ பழத்தத் தின்னுட்டு துப்பிட்டுப் போனான், மொளச்சிது. நாலஞ்சு கொடி இருக்கும், எது எங்க ஓடுதுன்னு எனக்கே தெரியாது."

துப்பிய விதை, நாலஞ்சு கொடி. பதில் அதிலேயே இருந்தது, எனக்குத்தான் புரியவில்லை. அன்று இரவு, தோட்டக்கலை படிக்கும் தங்கை மகனிடம் போனில் புலம்பினேன். அவன் கேட்ட ஒரே கேள்வி: "மாமா, மூணு செடியும் விதையில வந்ததா, குச்சி வெட்டி வெச்சதா?"

மறுநாள் நர்சரியில் கேட்டேன். நர்சரிக்காரர் பெருமையாகச் சொன்னார்: "எல்லாம் ஒரே தாய்க்கொடியில வெட்டுனதுங்கண்ணா. ஜாதி மாறவே மாறாது."

விஷயம் இதுதான். மஞ்சள் தாட்பூட் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒரே கொடியின் இன்னொரு பூவிலிருந்து கொண்டுவந்தாலும் ஏற்காது. ஒரே கொடியில் வெட்டிய குச்சிகள் மூன்று இடத்தில் நட்டாலும் மூன்று செடி இல்லை, ஒரே செடிதான். விதையில் முளைத்தால்தான் ஒன்றுக்கொன்று வேறு. தங்கை மகன் சொன்னதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்து, "மூணும் பங்காளிங்கம்மா, பங்காளிக்குள்ள சம்பந்தம் பண்ண முடியாதில்ல, மாமன் மச்சான் வகையில ஒரு கொடி வேணும்" என்றேன். அம்மாவுக்கு உடனே புரிந்தது. "இத மொதல்லயே கேட்டுட்டு வாங்கியிருக்கலாமே" என்றார்.

ஏற்காட்டு உறவினர் ஒருவர் ஊதா வகை தருகிறேன் என்றார். அதைத் தங்கை மகன் தடுத்துவிட்டான். ஊதா விடியற்காலையில் பூத்து மதியத்துக்குள் மூடிவிடும். மஞ்சள் மதியம்தான் திறக்கும், இரவு மூடும். ஒன்றையொன்று பார்க்காமலே போய்விடும். இரண்டையும் கலந்து குடகு மாவட்டம் செட்டள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய 'காவேரி' என்று ஒரு கலப்பினம் இருக்கிறது. அது மலைத்தோட்டத்துக்காரர்கள் வைப்பது.

நம்புவதற்கு முன் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது தொழில் பழக்கம். மோட்டார் எரிந்தது என்று வாடிக்கையாளர் சொன்னாலும் மெக்கர் (கம்பியின் காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்த்துத்தானே பிரிக்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவர் கொட்டகைக்குப் போய், ஒரு மணிக்குமேல் அப்போதுதான் திறந்த பூக்களில் எட்டுப் பறித்து, டிபன் பாக்ஸில் ஈரமில்லாமல் வைத்து, வண்டியில் கொண்டுவந்தேன். வீட்டுக்கு வரும்போது இரண்டரை.

அன்றைக்குத்தான் அந்தப் பூவை உற்றுப் பார்த்தேன். உள்ளங்கை அகலம். வெள்ளை இதழ்களுக்கு மேலே வட்டமாக நூற்றுக்கணக்கான இழைகள், அடியில் கருஊதா, நுனியில் வெள்ளை, கொஞ்சம் நெளிநெளியாக. மோட்டாரின் வார்னிஷ் போடாத ஸ்டேட்டரில் (சுற்றாத வெளிப்பாகம்) கம்பிச் சுருள் முனைகள் நிற்பதுபோலவே இருந்தது. நடுவில் ஒரு தூண். தூணில் ஐந்து மகரந்தப் பைகள், முகம் கீழ்நோக்கி. அவற்றுக்கு மேலே மூன்று சூலகமுடிகள், எனக்கு மூன்று ஃபேஸ் கரண்ட் கம்பி மாதிரி. தென்னமெரிக்காவில் இதைப் பார்த்த ஸ்பானியப் பாதிரிமார்களுக்கு மூன்று ஆணியும், ஐந்து காயமும், முள்முடியும் தெரிந்திருக்கின்றன. அந்தப் பாடுகளை நினைத்துத்தான் பேஷன் என்ற பெயர். அவரவர் தொழில் அவரவர் கண்ணில்.

பூ திறந்தவுடன் அந்த மூன்று சூலகமுடிகளும் நட்டுக்கொண்டு மேலே பார்க்கும். ஒரு மணி நேரம் ஆக ஆக மெல்லக் கீழே வளைந்து மகரந்தப் பைகளின் மட்டத்துக்கு வரும். அப்படி வளைந்த பூவில்தான் வேலை பலிக்கும். சில பூக்களில் கடைசி வரை வளையாமலே நிற்கும், அவற்றை விட்டுவிட வேண்டியதுதான். பெயிண்ட் பிரஷ் சரிப்படவில்லை. மகரந்தம் ஒட்டும் பசை மாதிரி, பிரஷ்ஷின் முடிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. காற்றில் பறக்காததற்கும் அதுதான் காரணம். கடைசியில் விரல்தான். கொண்டுவந்த பூவின் பையில் ஆட்காட்டி விரலைத் தேய்த்தால் மஞ்சள்தூள் தொட்டதுபோல் ஒட்டும், அதை மூன்று முடிகளின் நுனியிலும் தடவ வேண்டும்.

12 பூவுக்கு வெளி மகரந்தம், காம்பில் சிவப்பு ஸ்லீவ் (கம்பிக்கு மேல் மாட்டும் சின்னக் குழல்) மாட்டினேன். இன்னொரு 12க்கு எங்கள் கொடிகளுக்குள்ளேயே மாற்றித் தடவி மஞ்சள் ஸ்லீவ். ஸ்லீவ் கடையில் மிச்சம் கிடப்பது. அஞ்சாம் நாள் பார்த்தால் மஞ்சள் ஸ்லீவ் பன்னிரண்டும் கீழே கிடக்கிறது. சிவப்பில் ஒன்பது, பட்டாணி அளவுக்குப் பச்சையாகத் திரண்டு நிற்கிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். செருப்பை அவிழ்த்து எறிந்தேன்.

அடுத்த வாரம் இன்னும் ஆறு பூவுக்குத் தடவிவிட்டு உள்ளே வந்தேன், கால் மணியில் மழை கொட்டியது. ஆறும் போச்சு. இந்த மகரந்தம் நனைந்தால் வெடித்துவிடும். தடவிய பிறகு இரண்டு மணி நேரமாவது ஈரம் படாமல் இருக்க வேண்டும். புரட்டாசி, ஐப்பசியில் எங்கள் ஊரில் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான், பூவும் அதே நேரத்தில்தான். அந்தச் சண்டைக்கு வழி கிடையாது.

வாரம் தோறும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. பெரியவரிடம் பென்சில் தடிமனில் நான்கு கணு உள்ள குச்சிகள் ஆறு வெட்டி வந்தேன். அவர் கொட்டகையில் எது எந்தக் கொடி என்று தெரியாததால் ஆறையும் ஆறு மூலையிலிருந்து வெட்டினேன். கீழ் இலைகளைக் கிள்ளி, மேலே பாதி இலையை மட்டும் விட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகிறமாதிரி ஆற்றுமணலும் எருவும் கலந்த பையில், மாமரத்தடி நிழலில் வைத்தேன். நான்கு பிடித்தன. எங்கள் மூன்றில் சோனியான ஒன்றைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்திலும் எதிர் மூலையிலும் கார்த்திகையில் இரண்டை நட்டேன்.

இதற்கிடையில் இன்னொன்று உறுத்திக்கொண்டே இருந்தது. பெரியவர் கொட்டகையில் யாரும் விரலால் தடவுவதில்லையே? அவர் கொடியில் பூவுக்குப் பூ ஒரு கருவண்டு இரைந்துகொண்டே போய்வந்தது. கட்டைவிரல் பருமன், வெயிலில் இறக்கை நீலமாக மின்னும். தேன் குடிக்க அந்த இழைகளின் மேல் தவழும்போது அதன் முதுகு சரியாக மகரந்தப் பைகளில் உராய்கிறது. அடுத்த பூவில் அதே முதுகு சூலகமுடிகளில் உராய்கிறது. தேனீயும் வரும், ஆனால் அதற்கு அந்த உயரம் எட்டாது. மகரந்தத்தைத் திருடிக்கொண்டு போய்விடும்.

அந்தக் கருவண்டு எங்கள் வீட்டிலும் இருந்தது. இருந்தது என்றால், முன் கொட்டகையின் சவுக்குக் கட்டையில் விரல் நுழையும் அளவுக்கு வட்டமாக ஓட்டை போட்டு, தினமும் மரத்தூளைக் கொட்டிக்கொண்டிருந்தது. 2023 பங்குனியில் ஏணி போட்டு ஏறி அத்தனை ஓட்டையையும் எம்-சீல் பசை வைத்து அடைத்தவன் நான்தான். காய்க்கிற கொடியை வைத்துவிட்டு, காய்க்க வைக்கிறவனைத் துரத்தியிருக்கிறேன்.

இரண்டு ஓட்டையை உளியால் திறந்துவிட்டேன். ஒரு பக்கம் கணு அடைத்த காய்ந்த மூங்கில் துண்டுகளையும் இறவாரத்தில் படுக்கையாகக் கட்டிவைத்தேன். மூங்கிலில் இன்று வரை ஒன்றும் குடியேறவில்லை. 2024 கோடையில் வந்தவை பழைய சவுக்குக் கட்டையிலேயே, எம்-சீலுக்குப் பக்கத்தில் புதிதாகத் துளைத்தன. கொட்டகை விழுந்துவிடக் கூடாது என்று அந்தக் கட்டைக்குக் கீழே ஒரு இரும்புக் குழாய் முட்டுக் கொடுத்துவிட்டேன். முகத்துக்கு நேரே வந்து மிரட்டுவது ஆண் வண்டு, அதற்குக் கொடுக்கே இல்லை. பெண்ணுக்கு உண்டு, கையில் பிடித்தால்தான் கொட்டும்.

2024 ஆவணியில் புதுக் கொடிகள் பூத்தன. முதல் பத்து நாள் மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது நானே தடவினேன். அப்புறம் ஒருநாள் வேலை அதிகம், வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வார முடிவில் பார்த்தால் நான் தடவாத பூக்களும் பிஞ்சாகியிருந்தன. அதோடு என் வேலை முடிந்தது.

பிஞ்சு மூன்று வாரத்தில் முழு அளவுக்கு வந்துவிடும். அப்புறம் ஒன்றரை மாதத்துக்கு மேல் பச்சையாகவே தொங்கும், பொறுமையைச் சோதிக்கும். பறிக்கக் கூடாது. பழுத்தால் தானே விழும். அதற்காகத்தான் பழைய கொசுவலையைப் பந்தலுக்கு அடியில் கட்டியிருக்கிறேன். பச்சைக் காயிலும் இலையிலும் சயனைடு சார்ந்த நச்சு உண்டு. கவாத்து பண்ணி வெட்டிய தழையை ஆட்டுக்குப் போடுகிறேன் என்று ஒருவர் கேட்டார், கொடுக்கவில்லை. பழம் விழுந்த அன்றே சாப்பிட்டால் கண்ணைச் சுருக்கும் புளிப்பு. நாலு நாள் கூடையில் கிடந்து தோல் லேசாகச் சுருங்கினால் இனிப்பு ஏறும். நான்கு பழத்தின் சதையை விதையோடு கரண்டியால் கலக்கி, வடிகட்டி, மூன்று டம்ளர் தண்ணீர், சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, வறுத்த சீரகத்தூள். அம்மாவுக்கு இன்னமும் அது புளிப்புதான். பேரனுக்கு வாங்கிவைத்திருந்த பாட்டில் கூல்டிரிங்க் மட்டும் அப்படியே இருக்கிறது.

பூ எல்லாம் புதுத் தளிரில்தான் வரும் என்பதால் பொங்கல் முடிந்ததும் காய்த்த கிளைகளை நான்கைந்து கணு விட்டு வெட்டுகிறேன். சித்திரை வெயிலில் கத்தி வைப்பதில்லை. பொங்கலுக்குப் பிறகு வெட்டும் குச்சிகளைப் பையில் போட்டு வைத்தால் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கலாம். போன தையில் நிறையப் பேர் கேட்டார்கள். பழைய கொடியில் ஒன்று, பெரியவர் கொடியில் ஒன்று, இரண்டு பைக்கும் வேறு வேறு நிற ஸ்லீவ் கட்டி ஜோடியாகத்தான் கொடுக்கிறேன். இடம் இல்லை, ஒன்று போதும் என்கிறவர்களுக்கு ஒரு கூடை பழம் கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.